குருதியே சான்று: ஜான் டபிள்யூ. கேம்பெலின் ‘ஹூ கோஸ் தேர்?’ குறுநாவலில் அச்சமும் ஐயமும்

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்க எழுத்தாளர் ஜான் டபிள்யூ. கேம்பெல் 1938-இல் வெளியிட்ட ‘ஹூ கோஸ் தேர்?’ என்னும் குறுநாவல், அறிவியல் புனைகதையும் திகில் கதையும் ஒன்றிணைந்த படைப்புகளுள் முதன்மையானதாகக் கருதப்படுகிறது. வேற்றுக்கோள் உயிரி ஒன்று மனிதரைக் கொன்று, அவர்தம் வடிவையும் நினைவையும் பேச்சையும் ஏற்றுக்கொள்வதே இதன் கரு. அந்த உயிரியின் கொடூரம் இக்குறுநாவலின் திகிலுக்கு முழுக் காரணமன்று. ஒருவர் தம்மைப் பற்றிக் கூறும் சொல் சான்றாகும் தகுதியை இழப்பதே அதன் வேர் என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. ஐயத்தின் பெயரால் நிகழும் கொலையை இக்குறுநாவல் எதிர்கொள்ளாமல் விலகிச் செல்வதும் இங்குச் சுட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் புனைகதை, திகில், மெய்ப்பாடு, அச்சம், ஐயம், குருதிச் சோதனை.

முன்னுரை

‘ஹூ கோஸ் தேர்?’ ‘அஸ்டவுண்டிங் சயின்ஸ்-ஃபிக்‌ஷன்’ இதழின் ஆகஸ்டு 1938 வெளியீட்டில் வந்தது. அப்போது அவ்விதழின் ஆசிரியராக இருந்தவரும் கேம்பெலே. எனினும் கதை அவர் பெயரில் வெளிவரவில்லை, டான் ஏ. ஸ்டூவர்ட் என்னும் புனைபெயரில் வெளிவந்தது. வேறொருவராகத் தோற்றம் காட்டும் உயிரியின் கதை, வேறொருவர் பெயரைத் தாங்கி வந்தது தற்செயலே ஆயினும் குறிக்கத்தக்கது. இக்கதையை 1951-இலும் 1982-இலும் திரைப்படமாக்கினர். 1938-ஆம் ஆண்டுக் குறுநாவல்களுக்குப் பின்னோக்கி வழங்கப்பட்ட ஹியூகோ விருதை இப்படைப்பு 2014-இல் பெற்றது.

இக்கதையை அயலார் மீதான அச்சத்தின் உருவகமாகக் காண்பது பரவலான வாசிப்பு. அவ்வாசிப்பு தவறன்று, ஆனால் முழுமையானதும் அன்று. அயலார் என்று அடையாளம் காணக்கூடிய எவரும் இக்கதையின் பெரும்பகுதியில் இல்லை. இருப்பவர் அனைவரும் தோழரே. இந்த முரணிலிருந்தே இக்கட்டுரை தொடங்குகிறது.

கதைப்போக்கு

அன்டார்டிக்காவில் முகாமிட்டுள்ள ஆய்வுக் குழுவினர், பனிக்கடியில் நெடுங்காலமாகப் புதைந்து கிடந்த விண்கலத்தையும் அதனருகே உறைந்திருந்த ஓர் உயிரியையும் கண்டெடுக்கின்றனர். அதன் உடலை உருகவைத்து ஆராய வேண்டும் என்கிறார் உயிரியலாளர் பிளேர். சிலர் எதிர்க்கின்றனர். பிளேரின் கருத்தே வெல்கிறது. இரவில் காவலிருந்தவர் கானன்ட். உயிரி உயிர்பெற்றுத் தப்பி, நாய்களின் கொட்டகையில் பிடிபடுகிறது. அது கொல்லப்படும்போது பாதி நாயாக மாறியிருக்கிறது. அவ்வாறெனில் அதற்கு முன்பே மனிதர் எவராகவேனும் அது மாறியிருக்கலாம் அல்லவா? இவ்வினா எழுந்த கணமே கதையின் திசை மாறுகிறது. முகாமில் மனிதர் யார், மனிதரைப் போலிருப்பது யார் என்பதே அதன்பின் எஞ்சும் சிக்கல்.

அச்சத்தின் நான்கு நிலைக்களன்களும் ஐந்தாவதும்

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அச்சத்திற்கு அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. இக்குறுநாவலில் இந்நான்கின் சாயலும் உண்டு. பனியில் கிடந்த செவ்விழி உருவம் அணங்கைப் போல் அஞ்சவைக்கிறது. நாய்க்கொட்டகையில் அது விலங்காகப் பாய்கிறது. பிறர் உருவைக் கவர்வதால் அது கள்வன். குழுத் தலைவர் கேரியும் அவருக்குப்பின் பொறுப்பேற்கும் மெக்ரெடியும் செலுத்தும் அதிகாரம், உயிரையே தீர்மானிக்கும் நிலையில், இறையச்சமாகிறது.

ஆயினும் இந்நான்கிற்கும் பொதுவானதோர் இயல்பு உண்டு. அஞ்சுபவர் வேறு, அஞ்சப்படுவது வேறு என்னும் தெளிவே அது. புலியைக் கண்டு அஞ்சுபவருக்கு அது புலி என்பதில் ஐயமில்லை. கேம்பெலின் கதையில் அத்தெளிவு குலைகிறது. அருகில் அமர்ந்து உண்ணும் தோழனிடத்தில் அச்சம் குடிகொள்கிறது; ஆனால் அவனை அஞ்ச வேண்டுமா என்பதே தெரியவில்லை. எனவே இங்கு ஐயம் அச்சத்தின் விளைவாக மட்டும் நில்லாமல், அதன் நிலைக்களனாகவே செயற்படுகிறது. நால்வகைப் பகுப்புக்குள் அடங்காத இவ்வியல்பே இக்கதையை வழக்கமான அரக்கர் கதைகளிலிருந்து வேறுபடுத்துகிறது.

சொல்லின் தோல்வி

கதைத்தலைப்பு காவற்காரன் இருளில் எழுப்பும் வினா: ‘யாரது, அங்கே போவது?’ ‘நண்பன்’ என்னும் விடையை அவ்வினா எதிர்பார்க்கிறது. விடை சொல்பவரின் குரலையும் அவர் அறிந்த மறைசொல்லையும் நம்பியே காவல் நடைபெறுகிறது. இக்குறுநாவலிலோ உயிரியும் ‘நண்பன்’ என்றே விடை கூறும். நண்பனின் குரலிலேயே கூறும். அவன் மட்டுமே அறிந்த செய்திகளையும் கூறும். எனவே வினா பயனற்றுப் போகிறது.

சொல் தோற்றபின் அறிவியல் அழைக்கப்படுகிறது. மனிதக் குருதியை நாய்க்குச் செலுத்தி, அதன் உடலில் உருவாகும் எதிர்வினையைக் கொண்டு சோதிக்க முயல்கின்றனர். அதற்குக் குருதி அளித்தவர்கள் கேரியும் மருத்துவர் காப்பரும். முடிவு குழப்பமாக அமைகிறது: நாய்க்கு மனிதக் குருதியும் உயிரியின் குருதியும் சென்றிருக்கின்றன. அவ்வாறெனில் இருவருள் ஒருவர் மனிதரல்லர். அளவுகோலை உருவாக்கியவரே ஐயத்திற்குரியவராகிவிட்டதால் சோதனை முறிகிறது. கேம்பெலின் கட்டமைப்புத் திறன் மிகச் சிறப்பாக வெளிப்படும் இடம் இது.

துளியின் தன்னலம்

இறுதிச் சோதனையை மெக்ரெடி வகுக்கிறார். அவ்வுயிரியின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனி உயிர். எனவே அதன் குருதித்துளியும் தன்னைக் காத்துக்கொள்ள முயலும். மனிதக் குருதி அவ்வாறு செய்யாது. காய்ச்சிய கம்பியை அருகே கொண்டு சென்றால் துளியே உண்மையைச் சொல்லிவிடும்.

இச்சோதனையில் கதையின் மிகக் கூர்மையான காட்சி நிகழ்கிறது. கானன்ட் உயிரி எனத் தெரிந்து கொல்லப்பட்டபின், அவர் எத்துணைச் சிறந்த மனிதர் என்று கேரி மனம் வெதும்பிப் பேசுகிறார். அடுத்த அரைநிமிடத்தில் சோதனைக்குள்ளாகும் கேரியின் குருதி கம்பியைக் கண்டு சுருங்குகிறது. அப்படியெனில் சற்றுமுன் வெளிப்பட்ட துயரம் யாருடையது? அது நடிப்பாயின், மனிதத் துயரத்திலிருந்து அதனை வேறுபடுத்த எவராலும் இயலவில்லை. நினைவும் பேச்சும் துயரமும் ஒன்றாயிருக்க, மனிதர் என்பதற்கு எஞ்சுவது என்ன என்னும் வினாவைக் கதை இங்கே எழுப்பிவிடுகிறது. ஆனால் அதனை ஆராயாமல் அடுத்த சோதனைக்கு நகர்கிறது.

கதை மறைமுகமாகத் தரும் விடை ஒன்றுண்டு. பகுதி தன்னை மட்டும் காக்க முயலாது முழுமைக்கு உட்பட்டு நிற்பதே மனித இயல்பு என்பதே அது. இவ்விடையில் ஒரு முரண்நகை பொதிந்துள்ளது. சோதனைக்கு முன்னர் முகாமிலிருந்த மனிதர் அனைவரும் தத்தம் உயிரைக் காக்கவே ஒருவரையொருவர் கண்காணித்தனர். ஐயம் அவர்களை அவ்வுயிரியின் துளிகளைப் போலவே ஆக்கியிருந்தது. உலகிற்கு எதுவும் தெரியக்கூடாதென, வானொலியில் எல்லாம் வழக்கம்போல் உள்ளதாக நடித்தவர்களும் அவர்களே. இந்த ஒப்புமையைக் கேம்பெல் அறிந்து அமைத்தாரா என்பதற்குப் பனுவலில் சான்றில்லை. பனுவல் அதனைத் தாங்கி நிற்கிறது என்பதில் ஐயமில்லை.

பனுவல் வழங்கும் மன்னிப்பு

சமையற்காரர் கின்னர் அச்சத்தால் நிலைகுலைந்து, ஓயாது வழிபாட்டுப் பாடல்களை உரக்கப் பாடுகிறார். பிறரால் அதனைத் தாங்க இயலவில்லை. சோதனைக்கு முன்பே அவர் கொலையுண்கிறார். பின்னர் அவரும் அவ்வுயிரியே எனத் தெரியவருகிறது. இங்கேதான் இக்குறுநாவலின் பெருங்குறை உள்ளது. கொலை நிகழ்ந்த கணத்தில் கின்னர் யார் என்பது எவருக்கும் தெரியாது. எரிச்சலும் ஐயமுமே கைகளை இயக்கின. ஆனால் கொல்லப்பட்டவர் மனிதரல்லர் என்று பின்னர் காட்டுவதன்மூலம் கதை அச்செயலின் குற்றத்தைத் துடைத்துவிடுகிறது. ஐயத்திற்கு இரையாகி இறந்த மனிதர் ஒருவர்கூட இக்கதையில் இல்லை. ஐயம் ஒருபோதும் பிழைபடாத உலகம் இது. நாம் அறிந்த உலகம் அத்தகையதன்று.

திரையாக்கங்களை ஒப்பிட்டால் இது மேலும் தெளிவாகும். 1951-ஆம் ஆண்டுப் படம் உருமாற்றத்தையே கைவிட்டுவிட்டதால் இச்சிக்கல் அதில் எழவில்லை. ஜான் கார்ப்பென்டர் 1982-இல் இயக்கிய ‘தி திங்’ படத்தில், தன்மீது பாயவரும் கிளார்க்கை மெக்ரெடி சுட்டுக் கொல்கிறார். பின்னர் நடைபெறும் சோதனையில் கிளார்க் மனிதரே எனத் தெரிகிறது. அங்கேயே மெக்ரெடி கொலையாளி என்று சுட்டப்படுகிறார். குறுநாவல் வழங்கிய மன்னிப்பைத் திரைப்படம் திரும்பப் பெற்றுக்கொள்கிறது.

நடையும் முடிவும்

கதைமாந்தர் பலரும் தெளிவான தனித்தன்மையின்றி உரையாடல்களாகவே தோன்றுவது இக்குறுநாவலின் குறையாகக் கருதத்தக்கதே. எனினும் அதுவே வாசகரையும் முகாமினரின் நிலையில் நிறுத்துகிறது. யார் பேசுகிறார் என்பதை உறுதிசெய்ய இயலாத வாசகர் அவர்களது ஐயத்தில் பங்குபெறுகிறார். இறுதிப்பகுதி அத்தகைய பயனைத் தரவில்லை. தனியே அடைக்கப்பட்டிருந்த பிளேர் உயிரியாக மாறி, அணுவாற்றற் கருவியும் ஈர்ப்பை எதிர்க்கும் கருவியும் செய்திருப்பது கண்டறியப்படுகிறது. உரிய நேரத்தில் அது அழிக்கப்பட்டு உலகம் தப்புகிறது. மனிதர் யார் என்னும் வினா, கருவிகளைப் பற்றிய வியப்பாகச் சுருங்கிவிடுகிறது.

முடிவுரை

‘ஹூ கோஸ் தேர்?’ சொல்லின்மீதான நம்பிக்கை முறிந்த சமூகம் எவ்வாறு உடலைச் சான்றாகக் கேட்கத் தொடங்குகிறது என்பதைத் துல்லியமாகக் காட்டும் குறுநாவல். சான்று பிழையற்றதாயின் அது கேட்கப்பட்ட முறையும் குற்றமற்றதே என்று அது கருதுகிறது. இவ்விரண்டும் வெவ்வேறு என்பதை உணர்ந்து வாசிக்கும்போதே கின்னரின் மரணம் மீண்டும் ஒரு கொலையாகத் தெரிகிறது. தன் ஆசிரியர் நிறுத்திய இடத்தைக் கடந்தும் வாசகரை வினவச் செய்வதே இப்படைப்பு இன்றும் வாசிக்கத்தக்கதாக விளங்குவதற்குக் காரணம்.