நிலையச் சுவரும் 'நாம்' என்னும் சொல்லும்

மத்திய கைலாஷிலிருந்து சிறுசேரி நோக்கிச் செல்லும் இராஜீவ் காந்தி சாலையின் ஓரத்தில் உள்ளது இந்திரா நகர் பறக்கும் ரயில் நிலையம். 2021-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அதன் புறச்சுவரில் மாபெரும் மனித முகங்கள் தீட்டப்பெற்றன. தீட்டியவர் ஏ-கில் என்னும் சென்னை ஓவியர். தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கம் முதலிய அமைப்புகளின் கூட்டு முயற்சி அது. பயணச்சீட்டுக்கும் அவசரத்திற்கும் உரியதாய் நாம் கருதும் ஒரு கட்டடம், இதனால் நம்மை உற்றுநோக்கும் ஒன்றாயிற்று.

வரையப்பெற்றோருள் எச்.ஐ.வி. தொற்றுடையோரும் உளர், அத்தொற்று இல்லாதோரும் உளர். இன்னார் இத்தகையர் என்பதற்கு யாதொரு குறியும் இல்லை. ஓவியத்தின் பொருள் இம்மறைப்பிலேயே அடங்கியுள்ளது எனலாம். ஒருவரது தொற்றினை அவர் இசைவின்றி வெளியிடலாகாது என 2017-ஆம் ஆண்டுச் சட்டம் விதிப்பதை ஓவியர் வண்ணத்தால் கடைப்பிடித்துள்ளார்.

ஓவியத்தின் பெயர் 'வீ ஆர்' என்பதாகும். ஆங்கிலத்தில் தன்மைப் பன்மைக்கு ஒரு சொல்லே உண்டு. தமிழிலோ, கேட்போரை விலக்கும் 'நாங்கள்' ஒன்று. கேட்போரையும் உளப்படுத்தும் 'நாம்' மற்றொன்று. தொற்றுடையோரை மட்டும் வரைந்திருப்பின், அச்சுவர் 'நாங்கள்' என்றே பேசியிருக்கும். நாமும் இரங்கிக் கடந்திருப்போம். எவரையும் பிரித்தறிய இயலாமையால் அது 'நாம்' என்கிறது. நம் முகமும் அவ்வரிசையில் இருந்திருக்கக்கூடும்.

சாரமற்ற சாந்து பூசப்பட்ட சுவரை எசேக்கியேல் கண்டித்தார். அக்கண்டனம் இச்சுவருக்கும் பொருந்துமோ? பொருந்தாது என்பதே நம் துணிபு. ஏனெனில் இவ்வண்ணம் விரிசலை மறைக்கவில்லை, நம்மிடையே உள்ள விரிசலையே வினவுகிறது. எனினும் ஒரு குறையைச் சுட்டாதிருத்தல் முறையன்று. ஓவியத்தின் வரலாறு அறியாத வழிப்போக்கர் அழகிய முகங்களை மட்டுமே காண்பார். எளியோரைக் காக்கும் அம்மௌனமே, நாம் கேளாது போவதற்கும் இடந்தருகிறது. ஆகவே, அதன் பொருளை எடுத்துரைப்பார் வேண்டும்.

இக்கடமை நமக்கும் உரியது. 1986-இல் சென்னையில் திரட்டப்பட்ட இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டபோதே, இந்தியாவில் இத்தொற்று முதன்முதலாக வெளிப்பட்டது. ஆயினும் நம் ஆராதனைகளில் தொற்றுடையோர், அவர்கள் பெஞ்சுகளில் நம்மோடு அமர்ந்திருக்கும்போதே, 'அவர்களுக்காக' என்ற மன்றாட்டில்தான் இடம் பெறுகின்றனர். 'நமக்காக' என ஊழியர் ஒருவர் வேண்டத் துணிவாரானால், அந்நிலையச் சுவர் கூறுவதைச் சபையும் கூறியதாகும்.