புது விசுவாசிக்குப் பனியனின் எந்தப் பாகம்?

ஞானஸ்நானம் பெற்றோருக்கு யோவான் பனியனின் ‘மோட்சப் பிரயாண’த்தைப் பரிசளிப்போர் நம்மில் பலர். அந்நூலின் மேன்மையில் ஐயமில்லை, எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ (1894) அதனைத் தழுவி எழுந்ததே. ஆயினும், 1678-ல் வெளிவந்த முதற்பாகத்தை மட்டும் கொடுத்தால் போதுமா?

அதில் கிறிஸ்தியான், மனைவி மக்கள் கூவியழைக்க, காதுகளை விரல்களால் அடைத்துக்கொண்டு ஓடுகிறான். பாவச்சுமையை உணர்ந்த ஆத்துமாவின் தவிப்பை இதனினும் கூர்மையாகக் காட்டல் அரிது. ஆனால், தன் வீட்டில் தான் ஒருவரே விசுவாசியாயிருப்பவர் இதை வாசித்து, வீட்டாரைத் துறப்பதே பக்தி என மயங்கக்கூடும். வழியிலுள்ள மாளிகையில் குடும்பத்தைக் குறித்து வினவப்பட்டபோது கிறிஸ்தியான் அழுததை அவர் கவனியாது போகலாம்.

1684-ல் வந்த இரண்டாம் பாகத்தில் மனைவி கிறிஸ்தீனாளும், நான்கு புதல்வரும், அண்டை வீட்டு இளம்பெண்ணும் ஒரு வழித்துணைவனோடு அதே பாதையில் செல்கின்றனர். ஊன்றுகோலோடு வருபவனும் சேர்த்துக்கொள்ளப்படுகிறான். தனியன் ஓடிய வழியில் இப்போது ஒரு சபை நடக்கிறது.

ஆகவே இரு பாகங்களையும் சேர்த்தே கொடுப்போமாக, உடனமர்ந்து வாசிப்போமாக. துணையின்றி நூலை மட்டும் அனுப்பிவைத்தல் மேய்ப்பருக்குத் தகாது.