பாடிக் காட்டும் படம்: வங்காளப் பட்டுவா மரபும் அதன் தராதரமும்

வங்காள ஓவியம் பற்றி எழுதுகிறவர்கள் அவனீந்திரநாத் தாகூரிலிருந்து தொடங்குவது வழக்கம். அவருக்கு வெகுகாலம் முன்பே மேதினிபூரிலும் பீர்பூமிலும் ஓவியச் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு வீடு வீடாகப் போனவர்கள் உண்டு. பட்டுவாக்கள் என்று பெயர். முற்றத்தில் உட்கார்ந்து சுருளைக் கட்டம் கட்டமாக அவிழ்ப்பார்கள். விரல் படத்தைத் தொட்டுக் காட்டும், வாய் கதையைப் பாடும். முடிந்ததும் அரிசியோ காசோ கிடைக்கும்.

இந்த ஓவியத்தை எடைபோட வேண்டிய இடம் அந்த முற்றம்தான். முகங்கள் பெரும்பாலும் பக்கவாட்டில், கண் மட்டும் பெரிதாக ஏன் இருக்கிறது? நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் கிழவிக்கும் யார் யாரைப் பார்க்கிறார் என்று தெரிய வேண்டும். தூரத்து மலையும் மேகமும் ஏன் இல்லை? பாட்டில் வராத பொருளை விரல் தொட முடியாது. கட்டத்துக்குக் கட்டம் ஓரக்கரை போட்டுப் பிரிப்பதும் பாடகர் மூச்சு வாங்கும் இடத்தைக் காட்டத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

நிறத்துக்கும் இதே கணக்கு. சங்குப்பூவிலிருந்து நீலம், அவரை இலையிலிருந்து பச்சை, மஞ்சள் கிழங்கிலிருந்து மஞ்சள், விளக்குக் கரியிலிருந்து கறுப்பு. இவற்றில் வில்வப் பிசினைக் கலந்து, தேங்காய்ச் சிரட்டையில் வைத்துக்கொள்வார்கள். நூறு தடவை சுருட்டி விரித்தாலும் வண்ணம் உதிரக் கூடாது. காகிதங்களைத் தைத்து இணைத்து, பின்புறம் பழைய புடவைத் துணியை ஒட்டுவதும் அதற்காகவே.

பட்டுவாக்களில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். பாடுவதோ பாம்புத் தெய்வமான மனசா தேவியின் கதை, கிருஷ்ண லீலை, ராமாயணம். கூடவே சத்ய பீர், காஜி பீர் என்ற முஸ்லிம் ஞானியரும் வருவார்கள். குடும்பப் பெயர் சித்திரகர். இந்துப் பெயரும் முஸ்லிம் பெயருமாகப் பலருக்கு இரண்டு பெயர். விஸ்வகர்மாவின் ஒன்பது பிள்ளைகளில் ஒருவர் வழி வந்தவர்கள் என்றும், ஓவிய இலக்கணத்தை மீறியதால் சாபம் பெற்றவர்கள் என்றும் பிரம்ம வைவர்த்த புராணம் சொல்கிறது. பண்டிதர் மீறல் என்று கண்டது வேறொரு இலக்கணம். அவ்வளவுதான்.

அந்த இலக்கணமும் ஊருக்கு ஊர் மாறும். காஜி புலிமேல் ஏறி வரும் பழைய சுருள் ஒன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நீளம் சுமார் 13 மீட்டர். பல சுருள்கள் எந்தக் கதையைச் சொன்னாலும் கடைசியில் எமனுடைய சபையில் போய் முடியும்; காசு கொடுக்கத் தயங்குகிறவர்களுக்கு அது நல்ல நினைவூட்டல். சந்தால் பழங்குடி ஊர்களில் ஜாது பட்டுவா செய்வது இன்னும் விசித்திரம். சாவு நடந்த வீட்டுக்கு, இறந்தவரின் படத்தைக் கருவிழி இல்லாமல் வரைந்து கொண்டுபோவார். தானம் கிடைத்த பிறகே கண் எழுதுவார். அதுவரை ஆவி மறு உலகில் குருடாய் அலையும் என்பது நம்பிக்கை. குறையாய் நிற்பதுதான் அங்கே படத்தின் வேலை.

19ஆம் நூற்றாண்டில் கல்கத்தா காளிகாட் கோயில் வாசலுக்குக் குடிபெயர்ந்த பட்டுவாக்கள் சுருளையும் பாட்டையும் விட்டார்கள். யாத்ரீகருக்கு நின்று கேட்க நேரமில்லை. மலிவான ஆலைக் காகிதத்தில் ஒற்றைப் படம் போதும். பாட்டு செய்த வேலையைக் கோடு ஏற்றுக்கொண்டது. தோளிலிருந்து விரல்வரை ஒரே இழுப்பில் இறங்கும் அந்தத் தூரிகைக் கோட்டுக்கு ஈடு கிராமத்துச் சுருள்களில் கிடையாது. இறால் கவ்விய பூனைப் படம் போலிச் சாமியாரைக் குத்தும் கேலி. 1873இல் தாரகேஸ்வர் கோயில் தலைவரான மகந்தோடு தொடர்பு என்று மனைவி எலோகேஷியைக் கணவன் வெட்டிக் கொன்ற வழக்கும் படமாகி விற்றது. பிறகு அச்சுப் படங்கள் வந்து விலையில் அடித்தன. 1930 வாக்கில் தொழில் ஓய்ந்தது. அதே காலத்தில் ஐ.சி.எஸ். அதிகாரி குருசதய் தத் கிராமங்களில் சுருள்களையும் பாட்டுகளையும் சேகரித்தார். படத்தோடு பாட்டையும் சேர்த்துக் காப்பாற்றியவர் என்பதால் எனக்கு அவர்மேல் தனி மரியாதை.

ஜாமினி ராய் (1887–1972) இந்த வரிசையில் சிக்கலானவர். பாங்குரா மாவட்டம் பேலியாதோர் கிராமத்தில் பிறந்து, கல்கத்தா அரசு ஓவியப் பள்ளியில் படித்து, ஐரோப்பிய முறையில் எண்ணெய் வண்ண உருவப்படங்கள் வரைந்து பேர் எடுத்தவர். 1920களில் அதை விட்டுவிட்டுப் பட்டுவாக்களின் ‘பட்’ ஓவியத்துக்குத் திரும்பினார். காளிகாட்டை நகரத்துச் சரக்கு என்று ஒதுக்கி, கிராமச் சுருளையே உரைகல்லாகக் கொண்டார். ஏழெட்டு நிறத்துக்குள் நின்றார், புளியங்கொட்டைப் பசை காய்ச்சினார், வீட்டையே பட்டறையாக்கிக் குறைந்த விலைக்கு விற்றார். ஒரே படம் பல பிரதிகளாக வந்ததும், அதில் பிறர் கையும் இருந்ததும் விமர்சகர்களை உறுத்தியது. அந்தக் குறை எனக்குப் பெரிதாகப் படவில்லை. பட்டுவா வீடுகளில் ஒற்றைக் கை என்பது எந்நாளும் நியதியாக இருந்ததில்லை. என் குறை வேறு. கதை நகராததால் அவருடைய உருவங்கள் சில சமயம் வெறும் அலங்காரமாக உறைந்துவிடுகின்றன. மலிவாக விற்ற அவர் படங்கள் இன்று தேசியக் கலைச் செல்வம். நாட்டை விட்டு வெளியே விற்கத் தடை.

மேற்கு மேதினிபூரின் நயா கிராமத்தில் சித்திரகர் குடும்பங்கள் இன்றும் வரைகின்றன. துக்குஷ்யாம் சித்திரகர் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்ததால் இப்போது பெயர் பெற்ற பலர் பெண்கள். 2004 ஆழிப்பேரலையையும் சுருளாக்கிப் பாடினார்கள். ஜொய்தேப், மொய்னா சித்திரகர் இருவரின் ‘சுனாமி’யைச் சென்னையின் தாரா பதிப்பகம் சுருள்போல விரியும் நூலாகக் கொண்டுவந்தது. 2018இல் படசித்ரா எனப்படும் இந்த வங்காள ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குடை, சட்டை, கெண்டி என்று எல்லாவற்றிலும் சுருள்களில் வரும் மீன் கல்யாணக் காட்சி ஏறிவிட்டது. வாங்குகிறவர்கள் பாட்டைக் கேட்பதில்லை. நயாவுக்குப் போகிறவர்கள் விலை பேசுமுன் சுருளைப் பாடிக் காட்டச் சொல்லலாம். எந்தக் கட்டத்தில் விரல் தயங்குகிறது என்று கவனித்தாலே, வரைந்தவருக்குக் கதை எவ்வளவு தெரியும் என்பது விளங்கிவிடும்.