குன்னத்து ‘முட்டை’யும் தொலைதூரக் ‘கருந்துளை’யும்

2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில், ஒரு ஏரியில் உருண்டை உருண்டையாகக் கற்கள் கிடைத்தன. ‘டைனோசர் முட்டை’ என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் பரவிவிட்டது. நிலவியல் தெரிந்தவர்கள் பார்த்துவிட்டு, முட்டை இல்லை, அம்மோனைட் படிமம் சார்ந்த உருண்டைகள் என்றார்கள். பல கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்தது; அம்மோனைட் என்பது அதில் வாழ்ந்த, கணவாய்க்குச் சொந்தக்கார உயிரினம். வெளுத்ததெல்லாம் பாலாகிவிடாது, அவ்வளவுதான்.

வாட்ஸ்அப்பைத் திட்டுவது சுலபம். ஆனால் தமிழில் வானியல் எழுதுகிற நாமும் இதையேதான் செய்கிறோம் என்பது என் குற்றச்சாட்டு. தூரத்துச் சுருள் மண்டலம் ஒன்றின் எக்ஸ் கதிர்ப் படம் வெளியாகும். அதன் கரங்களில் பளிச்சென்று சில புள்ளிகள் தெரியும். உடனே ‘கருந்துளைகள் கண்டுபிடிப்பு’ என்று தலைப்புப் போட்டுவிடுகிறோம். படத்தில் உண்மையில் தெரிவது என்ன? எக்ஸ் கதிர் வரும் ஒரு புள்ளி. கருந்துளை என்பது அதற்கு நாம் சொல்லும் விளக்கம். கண்டதையும் ஊகித்ததையும் ஒரே சொல்லில் கலக்கிறோம்.

ஊகம் காரணமில்லாமல் வந்ததல்ல. ஒரு பொருளில் வாயு விழுந்து சூடாகி ஒளிரும்போது, அந்த ஒளியே வாயுவை வெளியே தள்ளும். ஈர்ப்பு அதைத் தாங்கும் வரைதான் பிரகாசம் ஏறலாம். இதற்குப் பெயர் எடிங்டன் வரம்பு. (1935இல் லண்டன் கூட்டத்தில் நம்ம சந்திரசேகரைக் கேலி செய்தாரே, அதே எடிங்டன்தான்.) எடை கூடினால் வரம்பும் கூடும். அளவுக்கு மீறிப் பிரகாசிக்கிறதா, அப்படியென்றால் எடை அதிகம், ஆகவே கருந்துளை. கணக்கு சரியாகத்தான் இருந்தது.

2014இல் அது இடறியது. சுமார் 1.2 கோடி ஒளி ஆண்டு தொலைவில் உள்ள எம்82 மண்டலத்தின் அதிபிரகாச மூலம் ஒன்று, 1.37 விநாடிக்கு ஒருமுறை துடிப்பதை நுஸ்டார் தொலைநோக்கி கண்டது. கருந்துளைக்குத் திடமான மேற்பரப்பு கிடையாது. இப்படிக் கடிகாரம் மாதிரி துடிக்க அதனால் முடியாது. சுழலும் நியூட்ரான் நட்சத்திரத்தால் முடியும். அதன் எடையோ சூரியனைப்போல் ஒன்றரை மடங்குதான் இருக்கும். 2017இல் இன்னும் பெரிய அடி. சுமார் 5 கோடி ஒளி ஆண்டு தள்ளி, விளிம்புப் பக்கமாக நமக்குத் தெரியும் என்ஜிசி 5907 என்ற சுருள் மண்டலத்திலும் ஒரு துடிப்பு. 2003இல் 1.43 விநாடியாக இருந்தது 2014இல் 1.13 ஆகியிருந்தது. மேலே விழும் வாயு அதைச் சுழற்றி வேகம் கூட்டியிருக்கிறது. வரம்பை இவ்வளவு மீறுவது எப்படி என்பதில் விவாதம் தொடர்கிறது. வலுவான காந்தப்புலம் ஒரு காரணம், ஒளி நம் பக்கமாகக் குவிவது இன்னொன்று என்கிறார்கள்.

அதற்காக ‘எல்லாமே நியூட்ரான் நட்சத்திரம்தான்’ என்று மறுபக்கம் சாய்வதும் அதே அவசரம். துடிப்பு கிடைத்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. துடிப்பு தெரியாததால் கருந்துளை என்றும் ஆகாது. நம் கருவிக்கு எட்டாமல் இருக்கலாம். 2009இல் அறிவிக்கப்பட்ட எச்எல்எக்ஸ்-1, சுமார் 29 கோடி ஒளி ஆண்டு தொலைவில், இடைநிலை எடைக் கருந்துளைக்கு வலுவான வேட்பாளராக இன்றும் நிற்கிறது. குன்னத்து உருண்டை முட்டை இல்லை என்பதால் அரியலூர்ப் பக்கம் முட்டையே கிடையாது என்று சொல்லிவிட முடியுமா? அதே 2009இல்தான் செந்துறைப் பகுதியில் டைனோசர் முட்டைகள் கிடைத்ததாகப் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

ஆகவே அடுத்தமுறை எழுதும்போது ‘எக்ஸ் கதிர் மூலம்’ என்று எழுதுவோம். கருந்துளை என்று சொன்னால், எதை வைத்துச் சொல்கிறோம், பிரகாசத்தையா, எடையையா, துடிப்பையா என்று ஒரு வரி சேர்ப்போம். வாசகரும் அந்த ஒரு வரியைத் தேடிப் பார்க்கட்டும். அது இல்லாத கட்டுரையை, குன்னத்து முட்டைப் படத்தை இப்போது எப்படிப் பார்ப்பீர்களோ, அப்படியே பாருங்கள்.