நார்ம் 1 யாருக்காக?

கேசியோ எஃப்எக்ஸ்-82எம்எஸ் கால்குலேட்டரில் ஒன்றை இருநூறால் வகுத்தால் 0.005 வராது; 5×10⁻³ வரும். கருவியில் கோளாறில்லை. தயாராகி வரும்போதே அது நார்ம் 1 அமைப்பில் இருக்கிறது. விடை 0.01க்குக் கீழே இறங்கினால் உடனே அடுக்குக்கு மாற்றிவிடும். நார்ம் 2இல் இந்த எல்லை 10⁻⁹. பெரிய எண்களுக்கு இரண்டிலும் எல்லை 10¹⁰தான்.

அறிவியல் குறியீட்டின் மேல் எனக்குக் குறையில்லை. பத்து இலக்கத் திரையில் அவகாட்ரோ எண்ணை வேறெப்படிக் காட்டுவது? 1972இல் வந்த எச்பி-35 முதல் சட்டைப்பைக் கருவிகள் 10⁹⁹ வரை எட்டியது இந்தக் குறியீட்டால்தான். 69!க்கு விடை தரும் கருவி 70! கேட்டால் பிழை என்று கைவிரிப்பதும் அந்த எல்லையால்தான்.

சிக்கல் உள்ளிடுவதில் தொடங்குகிறது. ஒரு நீர் மூலக்கூறின் நிறை காண 18ஐ 6.022×10²³ஆல் வகுக்க வேண்டும். இஎக்ஸ்பி விசையை அழுத்தினால் 2.989×10⁻²³ கிராம். அதை விட்டுப் பெருக்கல், 10, அடுக்கு என்று தனித்தனியே தட்டினால், அடைப்புக்குறி இல்லாததால், 2.989×10²³ கிராம். இலக்கங்கள் அச்சாக அவையே. கழித்தல் குறி மட்டும் காணோம். உலகக் கடல்நீரில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு எடையுள்ள மூலக்கூறு! இஎக்ஸ்பியிலேயே ‘பத்தின் அடுக்கு’ அடங்கியிருப்பதை மறந்து 10 இஎக்ஸ்பி 5 என்று தட்டுவோருக்கு லட்சத்துக்குப் பதில் பத்து லட்சம் கிடைக்கும்.

தசம இடங்களின் எண்ணிக்கையை நிலைநிறுத்தும் ஃபிக்ஸ் அமைப்பு வேறு வகையில் ஏய்க்கும். ஃபிக்ஸ் 3இல் 200÷7 போட்டால் திரையில் 28.571, அதை 14ஆல் பெருக்கினால் 400.000. தாளில் 28.571ஐப் பெருக்கியவருக்கோ 399.994. வெட்டப்பட்டது திரையில் மட்டுமே, உள்ளே முழு மதிப்பும் இருக்கிறது. கணக்குக்கு இது நல்லது. விடைத்தாளைச் சரிபார்ப்பவருக்குத் தலைவலி.

எல்லா விடையையும் குறித்த இலக்கங்களோடு அறிவியல் குறியீட்டில் காட்டும் சை அமைப்புக்குத்தான் உரிய மதிப்புக் கிடைக்கவில்லை. 2.50ஐ 1.20ஆல் பெருக்கினால் நார்ம் வெறும் 3 என்கிறது. அளவீட்டின் துல்லியம் அங்கேயே தொலைந்தது. சை 3 போட்டால் 3.00×10⁰. பார்க்க அசட்டுத்தனமாக இருந்தாலும் ஆய்வகத்துக்கு இதுவே நேர்மையான விடை.

ஆகவே ஆசிரியர்களே, முதல் வகுப்பிலேயே கருவிகளை நார்ம் 2க்கு மாற்றச் சொல்லுங்கள். செய்முறை வகுப்பில் சைக்கு. நார்ம் 1ஆல் மாணவருக்கு ஒரு பயனுமில்லை.