மலைக்கொரு நீதி, தரைக்கொரு நீதி

கல்வராயன் மலையில் ஒரு மலையாளிப் பழங்குடி இளைஞர் கிறித்தவரானாலும் ஆசிரியர் தேர்வு வாரியத்தின் கணக்கில் அவர் பழங்குடிதான். அந்தப் பட்டியலுக்கு மத நிபந்தனை கிடையாது. மலையிறங்கிக் கள்ளக்குறிச்சிக்கு வந்தால் கதை வேறு. ஞானஸ்நானம் பெற்ற ஆதிதிராவிடப் பெண்ணின் சாதிச் சான்றிதழ் அவரைப் பிற்படுத்தப்பட்டவர் என்கிறது. பட்டியல் சாதிகளுக்கான 18 விழுக்காடு இடஒதுக்கீட்டில் போட்டியிட வேண்டியவர், 26.5 விழுக்காட்டில் தன்னைவிட வசதியும் நிலமும் உள்ள சாதிகளோடு மோத வேண்டும். பி.எட். படிப்பு மாறவில்லை, குடியிருக்கும் காலனியும் மாறவில்லை.

காரணம், 1950ஆம் ஆண்டின் பட்டியல் சாதிகள் ஆணை. இந்துக்களுக்கு மட்டும் என்றிருந்த அதில் 1956இல் சீக்கியரும் 1990இல் பௌத்தரும் சேர்ந்தார்கள். கிறித்தவரும் இசுலாமியரும் இன்றும் வெளியேதான்.

இந்த ஏற்பாட்டை ஆதரிப்போரின் அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. மிஷன் பள்ளிகளில் முன்பே படித்து வந்தவர்கள் உள்ளே வந்தால், அருந்ததியர் போன்றோருக்குக் கிடைப்பதும் போய்விடுமே என்பது நியாயமான கவலை. ஆனால் அதற்கு மருந்து தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. 2009இல் அருந்ததியருக்கு 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தோம். அத்தகைய உட்பிரிவு செல்லும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. மொத்தப் பங்கைக் கூட்டி, தலித் கிறித்தவருக்கும் அப்படியொரு தனிப்பங்கு வகுக்கலாம்.

மதம் மாறினால் தீண்டாமை போய்விடும் என்ற வாதம்தான் நிற்கவில்லை. இதே மாவட்டத்து எறையூரைப் பாருங்கள். தேவாலயத்தில் ஒதுக்கப்படுகிறோம் என்று தலித் கத்தோலிக்கர்கள் தனிப் பங்குத்தளம் கேட்டார்கள். 2008 மார்ச்சில் வன்னியக் கத்தோலிக்கர்களுடன் மோதல் மூண்டது. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இருவர் இறந்தார்கள். இரு தரப்புக்கும் ஒரே மறை, ஒரே மாதா. சாதியை அந்த ஊர் ஒரு நாளும் மறக்கவில்லை. 1950ஆம் ஆண்டின் ஆணை மட்டும் மறந்துவிட்டதாகப் பாவிக்கிறது.

சட்டப்பேரவை 2023 ஏப்ரலில் இந்த ஆணையை மாற்றக் கோரித் தீர்மானம் போட்டது. முடிவெடுக்க வேண்டியது நாடாளுமன்றம். ஆனால் திருச்சபைக்கும் இதில் பொறுப்பு உண்டு. அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமையால் சிறுபான்மைப் பள்ளி நிர்வாகங்கள் தாமே ஆசிரியரைத் தேர்ந்தெடுக்கின்றன. உதவிபெறும் பள்ளிகளில் சம்பளம் அரசுக் கருவூலத்திலிருந்து வருகிறது, இடஒதுக்கீடு கட்டாயமில்லை. அரசு கைவிட்ட தலித் கிறித்தவர் தன் சபையின் வாசலிலும் உத்தரவாதமின்றி நிற்கிறார். தில்லிக்கு மனுப் போடும் ஆயர்கள், தங்கள் பள்ளிக் காலியிடங்களில் அவர்களுக்கு ஒரு பங்கை இந்தக் கல்வியாண்டிலேயே எழுதி அறிவிக்கலாம். எந்தச் சட்டத் திருத்தமும் அதற்குத் தேவையில்லை.