வீடு பார்க்க வருகிறார்கள்

ஞாயிற்றுக்கிழமை காலை. உலை கொதிக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்த புரோக்கர், "இது சமையக்கட்டு, மேல பரண் இருக்கு" என்று பின்னால் வருபவருக்குக் காட்டுகிறார். குடியிருக்கும் பெண் ஈரக்கையோடு ஓரமாக ஒதுங்குகிறார். வாடகை வீடு விற்பனைக்கு வந்தால் ஏரியூர் போன்ற சிற்றூரானாலும் சென்னையானாலும் இதே கதைதான்.

வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. பார்க்காத வீட்டுக்கு யார் கிரயம் பேசுவார்? குடியிருப்பவர் கதவைத் திறக்க மறுத்தால் விலை இறங்கும். ஆனால் வாடகை வாங்கிய நாள்முதல் அந்த வீட்டுக்குள் நிம்மதியாகக் குடியிருக்கும் உரிமை குடியிருப்பவருடையது. தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்காரர் உள்ளே வர 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்கிறது அது. நல்ல விதி, ஆனால் நகர்ப்புறங்களுக்கான விதி. ஏரியூர் ஒன்றியத் தலைமையிடம் என்றாலும் ஊரகப் பகுதிதான். இங்கே மிஞ்சுவது 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டமும், "நாளைக்கு ஆள் கூட்டியாரேன் அண்ணே" என்ற வாய்ச்சொல்லும்தான். வாய்ச்சொல்லில் நெகிழ்வு உண்டு. ஆனால் விலை பேசத் தொடங்கியதும் முதலில் தேய்வது அந்த முகதாட்சண்யம்தான்.

இந்த வருகையைத் தொல்லை என்று மட்டும் பார்ப்பதும் குறைப்பார்வை. ஒரு சொத்தில் குடியிருப்பவருக்கு உள்ள உரிமை, வாங்குபவருக்குத் தெரிந்ததாகவே கொள்ளப்படும் என்கிறது அதே பழைய சட்டம். கிரயம் முடிந்தாலும் குத்தகை தானாக முறியாது. குடியிருப்பவர் விரும்பினால் பழையவரின் பொறுப்புகள் புதியவர் தலையிலும் ஏறும். அப்படியானால் வீடு பார்க்க வருபவர் குடியிருப்பவருக்கு ஒரு சாட்சி. கதவைச் சாத்தினால் அந்தச் சாட்சியும் போய்விடும்.

போக்கியத்தில் இருப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். மாத வாடகைக்குப் பதில் மொத்தமாகச் சில லட்சம் கொடுத்துக் குடியேறுகிறார்கள், பத்திரத்தைப் பதிவதில்லை. பதியாதது வில்லங்கச் சான்றில் வராது, வழக்கிலும் நொண்டும். வாங்குபவர் சான்றை மட்டும் நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டால், போக்கியப் பணத்துக்கு யாரைப் பிடிப்பது?

எனவே சண்டை கதவைத் திறப்பதா, மூடுவதா என்பதில் இல்லை. வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதை இருவரும் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திடலாம். வாங்க வருபவரின் முன்னாலேயே, "எங்க அட்வான்ஸ் இவ்வளவு, யார் திருப்பித் தருவாங்க?" என்று கேட்கலாம். கேட்டதோடு விடாமல் அந்தத் தொகையைக் கிரயப் பத்திரத்திலும் ஒரு வரியாக எழுதச் சொல்லலாம். புரோக்கர் முகம் சுளிப்பார். பரவாயில்லை, அவருக்குக் கமிஷன் கிரயத்தன்றே கிடைத்துவிடும். குடியிருப்பவருக்கு அதற்குப் பிறகுதான் கணக்கே தொடங்குகிறது.